மேடை நாடகத்தை வானொலியில் நேரலையாக விடுவது எப்படி: முதல்முறை இறங்கும் குழுக்களுக்கு

பாட்டும் ஆட்டமுமாக ஒரு நகைச்சுவை நாடகம் போடுகிறீர்கள். "ஒரு நாள் காட்சியை அப்படியே நேரலையாக ஒலிபரப்பலாமா?" என்று ஒரு வானொலி நிலையம் கேட்கிறது. குழுவில் எல்லோரும் உடனே தலையாட்டிவிடுவார்கள். மைக் இருக்கிறது, மிக்ஸர் இருக்கிறது, ஒரு ஒயர் இழுத்தால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். நாங்கள் இதில் இறங்கியபோது யாரிடம் என்ன கேட்பது என்று சொல்ல ஆளில்லை. முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் உங்களுக்கு இரண்டு எஜமானர்கள். அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சிரித்து முடிக்கும்வரை நடிகர் காத்திருக்க வேண்டும். வானொலியின் கடிகாரம் யாருக்காகவும் காத்திருக்காது. அரங்கத்துக்குக் கண் உண்டு. நேயருக்குக் காது மட்டும்தான். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த இருவருக்கும் நடுவில் சமரசம் செய்து வைக்கும் வேலைதான்.

1. முதலில் உரிமம்

நாடகத்தை மேடையேற்ற வாங்கிய உரிமத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள். பெரும்பாலான மேடை உரிமங்களில் "பதிவு செய்யவோ ஒலிபரப்பவோ கூடாது" என்ற வரி எங்காவது இருக்கும். மேடையில் நடத்தும் உரிமையும் ஒலிபரப்பும் உரிமையும் சட்டப்படி வெவ்வேறு. காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையிலேயே ஒன்று 11ஆம் பிரிவில் இருக்கிறது, மற்றது தனியாக 11 பிஸ் பிரிவில் இருக்கிறது. ஒன்றை வாங்கினால் மற்றது கூடவே வராது.

இங்கேதான் பலர் மாட்டுகிற பொறி. "இசை உரிமைச் சங்கத்தோடு எங்களுக்கு ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று நிலையத்தில் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் பொதுவாகத் தனிப் பாடல்களை ஒலிபரப்புவதற்கு. கதை, வசனம், பாட்டு மூன்றும் சேர்ந்து ஒரு நாடகமாகப் போகும்போது அது பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்துக்குள் அடங்காது. உரிமம் கொடுப்பவர்கள் கிராண்ட் ரைட்ஸ் என்று சொல்வது இதைத்தான். அதை உரிமையாளரிடமோ அவருடைய ஏஜென்சியிடமோ நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

உரிமையாளர் என்றால் ஒருவர் அல்ல. கதை வசனம் எழுதியவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று குறைந்தது மூன்று பேர். மூவருக்கும் ஒரே ஏஜென்சி இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மொழிபெயர்ப்பாக இருந்தால் மொழிபெயர்த்தவருக்கும் உரிமை உண்டு. உங்கள் வாத்தியக் குழுவுக்காக இசையைப் பிரித்து எழுதித் தந்தவருக்கும் இருக்கலாம். "ரொம்பப் பழைய நாடகம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். மூலத்தின் காப்புரிமைக் காலம் முடிந்திருந்தாலும், நேற்று செய்த தழுவலுக்குத் தனிக் காப்புரிமை உண்டு. நாடகம் உங்கள் குழுவின் சொந்தச் சரக்கா? அப்படியென்றால் பாதிப் பாரம் குறைந்தது. ஆனாலும் எழுதியவரிடமும் இசையமைத்தவரிடமும் ஒரு பக்கக் கடிதமாவது வாங்கிவிடுங்கள். நட்பு வேறு, காகிதம் வேறு.

விண்ணப்பத்தில் "வானொலியில் ஒலிபரப்ப அனுமதி வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் கேள்விக் கடிதம் வந்துகொண்டே இருக்கும். நிலையத்தின் பெயர், ஒலிபரப்பு போய்ச்சேரும் பகுதி, தேதி, நேரம், நாடகத்தின் நீளம், நடுவில் விளம்பரம் வருமா, ஸ்பான்சர் உண்டா என்பதையெல்லாம் முதல் கடிதத்திலேயே போடுங்கள். முக்கியமாக, அதே நேரத்தில் இணையத்திலும் போகுமா, கேட்கத் தவறியவர்களுக்காகச் சில நாள் வைத்திருப்பார்களா, மறு ஒலிபரப்பு உண்டா, எமர்ஜென்சிக்காக ஒத்திகையைப் பதிவு செய்து வைக்கலாமா ஆகிய நான்கையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். நான்கும் தனித்தனி அனுமதி. இணைய ஒலிபரப்புக்கு எல்லை கிடையாது என்பதால் அதற்கு மட்டும் மறுப்பு வருவதும் உண்டு. அப்படி வந்தால் அந்த நேரத்தில் நிலையம் தன் இணைய ஒலியோடையில் வேறு நிகழ்ச்சி போட வேண்டியிருக்கும். அதை அவர்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நகைச்சுவை நாடகத்துக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு: இரவல் பாட்டு. நடுவில் ஒரு பிரபலமான பாட்டின் இரண்டு வரியைக் கேலியாகப் பாடுவார்கள். ஒருவரின் போன் ஒரு சினிமா மெட்டில் அடிக்கும். காட்சி மாறும் இடத்தில் யாரோ இணையத்தில் எடுத்த இசைத்துண்டு ஓடும். பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகையில் உட்கார்ந்து, கேட்கிற ஒவ்வொரு மெட்டையும் குறியுங்கள். அனுமதி கிடைக்காததை மாற்றிவிடுங்கள். உங்கள் இசையமைப்பாளர் கால் நிமிட மெட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

கால அளவு: ஒலிபரப்புக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பதில் வர இரண்டு மூன்று மாதம் ஆவது சாதாரணம். எழுத்தில் பதில் வரும்வரை விளம்பரம், போஸ்டர், அறிவிப்பு எதுவும் வேண்டாம். "கொடுத்துவிடுவோம், தொடங்குங்கள்" என்று தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

2. நிலையத்தோடு எழுத்தில் பேசுங்கள்

நிகழ்ச்சித் தயாரிப்பாளரோடு எவ்வளவு நெருக்கம் இருந்தாலும் இரண்டு பக்க ஒப்பந்தமாவது வேண்டும். உரிமத் தொகையை யார் கட்டுவது, ஒலிப் பொறியாளரை யார் அனுப்புவது, பதிவு யாருக்குச் சொந்தம், ஒலிபரப்பு ரத்தானால் அதுவரை ஆன செலவு யாருடையது என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள். ஏதாவது பெரிய செய்தி வெடித்தால் நிலையம் உங்கள் நாடகத்தைத் தூக்கிவிட்டு அதற்குப் போய்விடும். அது அவர்கள் வேலை.

அப்புறம், வசனத்துக்கு யார் பொறுப்பு? மேடையில் ஒரு நடிகர் உள்ளூர்ப் பிரமுகரைப் பற்றிச் சட்டென்று ஒரு கமென்ட் அடித்தால் அந்தக் கூட்டத்தோடு போய்விடும். வானொலியில் அது அவதூறு வழக்காகலாம். அதனால்தான் சில நிலையங்கள் நேரலையையும் சில வினாடி தாமதித்து விடுகின்றன. தேவைப்பட்டால் ஒரு பொத்தானை அழுத்தி வார்த்தையை விழுங்கிவிடலாம். தாமதம் இருக்கிறதா, எத்தனை வினாடி என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 8ஆம் படியில் அது தேவைப்படும். பிரதியின் இறுதி வடிவத்தை நிலையத்துக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். பொருள்களின் பெயர் வரும் நகைச்சுவைகளை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். கேலி செய்யப்படும் சோப்பு அன்றைய ஸ்பான்சராகவே இருந்துவிடலாம்.

3. மற்றக் கையெழுத்துகள்

நடிகர்கள், பாடகர்கள், வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் ஒலிபரப்புக்கு ஒப்புதல் வேண்டும். தங்கள் நேரடி நிகழ்ச்சியைத் தங்கள் சம்மதமில்லாமல் ஒலிபரப்புவதைத் தடுக்க வழி தரும் உரிமையைக் கலைஞர்களுக்கு 1961ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை தந்திருக்கிறது. கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வரும் டிரம்மரை மறந்துவிடாதீர்கள். காலிப் படிவங்கள் சில கையில் இருக்கட்டும். குழந்தைகள் நடித்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். தொழிற்சங்க உறுப்பினர்கள் இருந்தால் ஒலிபரப்புக்குத் தனி ஊதிய விகிதம் இருக்கும். சங்கத்தைக் கேட்காமல் தொகை பேசாதீர்கள்.

அரங்கத்தின் வாடகை ஒப்பந்தத்தையும் பாருங்கள். ஒலிபரப்பு என்றால் தனிக் கட்டணம் என்று சில இடங்களில் போட்டிருப்பார்கள். பார்வையாளர்களுக்கு ஒரு அறிவிப்புப் பலகை போதும்: இன்றைய காட்சி நேரலையாகப் போகிறது, உங்கள் சிரிப்பும் கைத்தட்டலும் ஒலிபரப்பாகும். டிக்கெட்டிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

கம்பியில்லா மைக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பல நாடுகளில் அவை இயங்கும் அலைவரிசைக்குத் தனி அனுமதி தேவை. ஒலிபரப்புவது வானொலி நிலையம் என்பதாலேயே அவர்களின் உரிமம் உங்கள் மைக்குகளைக் காப்பாற்றாது.

4. செலவுக் கணக்கு

தொகை ஊருக்கு ஊர் மாறும், தலைப்புகள் மாறாது. உரிமம், கலைஞர்களின் கூடுதல் ஊதியம், ஒலிக் கருவி வாடகை, ஒலிபரப்புக்கென்று தனி ஒலிப் பொறியாளர், இணைப்பு, அரங்கத்தின் கூடுதல் மணிநேரம், காப்பீடு. உரிமத்துக்கு அடுத்தபடி பையைக் கடிப்பது கருவி வாடகை என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் அரங்க வாடகைதான் கடிக்கும். ஒலிச் சோதனைக்கும், பார்வையாளரோடு நடக்கும் ஒத்திகைக்கும், காட்சி முடிந்து ஒயர் சுருட்டுவதற்கும் மணிக்கணக்கில் காசு கொடுக்க வேண்டும்.

மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் மைக்குகளின் எண்ணிக்கை. ஒரு வரி வசனம் உள்ளவருக்கும் தனி மைக் தேவையில்லை. மேடை விளிம்பில் வைக்கும் தட்டை மைக்குகள் அதைப் பார்த்துக்கொள்ளும். மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ஒலிபரப்புக்கான தனிப் பொறியாளர். அரங்கத்துக்கு மிக்ஸ் செய்பவரிடமே "இதையும் சேர்த்துப் பார்த்துக்கோங்க" என்று சொன்னால் இரண்டும் கெடும். மொத்தக் கணக்கில் 10 முதல் 15 சதவீதம் எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள்.

5. பிரதியைக் காதுக்குத் திருத்துங்கள்

நாடகத்தை வானொலிக்காக மாற்றி எழுத வேண்டாம். காசு கொடுத்து வந்த அரங்கத்துக்கு அது அநியாயம். ஆனால் கண்ணால் மட்டும் புரிகிற இடங்களைப் பட்டியல் போட்டே ஆக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒத்திகையைக் கேட்கும் ஒருவரை உட்கார வையுங்கள். நாடகத்தை முன்பின் பார்க்காதவராக இருப்பது நல்லது. "யார் பேசறது?", "ஏன் சிரிக்கறாங்க?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு இடமும் ஓட்டை.

ஒரு இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். கடன்காரர் கதவைத் தட்டுகிறார். நாயகன் அலமாரிக்குள் ஒளிகிறான். சட்டை நுனி கதவில் சிக்கி வெளியே தொங்குகிறது. கடன்காரர் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், அரங்கம் வெடிக்கிறது. வானொலியில் என்ன கேட்கும்? கதவுச் சத்தம், மௌனம், காரணமே இல்லாத பெருஞ்சிரிப்பு. நேயருக்கு அது பந்தியில் உட்காரவைத்து இலை போடாமல் விட்டது மாதிரி.

மூன்று வழிகள் உண்டு. கதைசொல்லி "சட்டை நுனி கதவில் மாட்டிக்கொண்டது" என்று சொல்லலாம். சத்தத்தால் காட்டலாம்: கதவு மூடுகிற சத்தம், துணி கிழிகிற சத்தம். அல்லது கடன்காரருக்கே ஒரு வரி கொடுக்கலாம்: "என்னம்மா, உங்க வீட்டு அலமாரி சட்டை போட்டுக்கிட்டு இருக்கு?" என் ஓட்டு எப்போதும் மூன்றாவது வழிக்குத்தான். அரங்கமும் இன்னொரு முறை சிரிக்கும், நேயருக்கும் விஷயம் போய்ச்சேரும். வரியைச் சேர்க்க எழுதியவரின் சம்மதம் வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். உரிமம் பெற்ற நாடகத்தில் ஒரு வார்த்தையை மாற்றினாலும் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கதைசொல்லி தவிர்க்க முடியாத இடங்களில் அவர் சிரிப்புக்கு முன்னால் பேசி முடித்துவிட வேண்டும். சிரிப்பு அடங்கிய பிறகு விளக்கினால் அது நகைச்சுவைக்கு நடத்தும் பிரேதப் பரிசோதனை. மேடை தெரியும்படியும் குரல் அரங்கத்தில் கேட்காதபடியும் ஒரு மூடிய அறை அவருக்குத் தேவை. அவர் பேசுவது முழுக்க எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் வினாடிக் கணக்கு இருக்க வேண்டும்.

ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் முதல் சில வசனங்களில் பாத்திரங்களின் பெயர் அடிபட வேண்டும். ஒரே மாதிரிக் குரல் உள்ள இரண்டு பேர் தொடர்ந்து பேசும் காட்சி இருந்தால் ஒருவர் பேசும் வேகத்தை மாற்றட்டும். நடனம்? பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் சமாளிக்கலாம். வெறும் வாத்திய இசையில் மூன்று நிமிட நடனம் என்றால், அடுத்த காட்சிக்குத் தேவையான தகவலைக் கதைசொல்லி அங்கே சொல்லிவிடலாம்.

6. ஒலி: அரங்க மிக்ஸை அப்படியே அனுப்பாதீர்கள்

ஒயர் இழுத்தால் முடிந்தது என்ற எண்ணம் ஏன் தவறு என்று இங்கே புரியும். அரங்க மிக்ஸர் செய்கிற வேலை, அரங்கத்தில் தானாகக் கேட்காததை உயர்த்துவது. டிரம்ஸ் தானாகவே காதைப் பிளக்கும் என்பதால் மிக்ஸரில் அது கிட்டத்தட்ட இருக்காது. பார்வையாளரின் சிரிப்பு சுத்தமாக இருக்காது. அந்த மிக்ஸை வானொலிக்கு அனுப்பினால், ஆளில்லாத அறையில் தாளமில்லாமல் பாடுவது போல இருக்கும்.

சரியான வழி இது. ஒவ்வொரு மைக்கின் சிக்னலையும் மிக்ஸருக்குப் போகும் முன்பே ஸ்பிளிட்டர் வைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அரங்க மிக்ஸருக்கு, மற்றது வேறு அறையிலோ வண்டியிலோ இருக்கும் ஒலிபரப்பு மிக்ஸருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்பிளிட்டராகக் கேளுங்கள். இரண்டு மிக்ஸரின் எர்த் இணைந்து வருகிற 'ம்ம்ம்' இரைச்சல் அதில் வராது. ஒலிக் கருவிகள் மேடை விளக்குகளோடு ஒரே மின்சுற்றைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

நடிகர்களுக்கு நெற்றியோரத்தில் முடிக்கோட்டில் மறைத்து வைக்கும் சிறிய மைக் நல்லது. சட்டையில் குத்தினால் துணி உரசும், தலை திரும்பினால் குரல் போகும். தொப்பி போடும் பாத்திரத்துக்குக் காதோரம் வையுங்கள். வியர்வை மைக்கை அடைத்துவிடும். முக்கியப் பாத்திரங்களுக்கு இரண்டு மைக் போடுவது வீண் செலவு அல்ல. இருவர் கட்டிப்பிடிக்கும் காட்சியில் இரண்டு மைக்கும் ஒரே குரலைப் பிடிக்கும், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல மாறும். அந்த இடத்தில் ஒன்றை மூடிவிட வேண்டும். பிரதியில் சிவப்பில் குறித்து வையுங்கள்.

சிரிப்புக்கென்று தனி மைக் வேண்டும். மேடையின் முன்பக்கம் உயரத்தில் தொங்கவிட்டு, பார்வையாளர்களை நோக்கித் திருப்புங்கள். ஸ்பீக்கர்கள் அதன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அரங்கத்தின் பின்வரிசையில் வைத்தால் சிக்கல் வரும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகிறது. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கும் மைக்கில் நடிகரின் குரல் 60 மில்லிவினாடி அளவு தாமதமாக விழும். நேயருக்கு அது எதிரொலி. வேறு வழியில்லை, பின்னால்தான் வைக்க வேண்டும் என்றால் மேடை மைக்குகளை அதற்கேற்பத் தாமதப்படுத்துங்கள். பொறியாளருக்குத் தெரியும், நீங்கள் நினைவூட்டினால் போதும்.

சிரிப்பு மைக்கை ஒருவர் விரலால் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிரிப்பு கிளம்பும்போது ஏற்றி, அடங்கும்போது இறக்க வேண்டும். முழுக்க மூடித் திறந்தால் கதவைத் திறந்து மூடுவது போல் கேட்கும். எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். இந்த வேலைக்கு நாடகத்தை மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "அடுத்த வரிக்குச் சிரிப்பாங்க" என்று சொல்வது ஆயிரம் கருவிக்குச் சமம்.

ஒலி அளவை நிலையத்திடம் கேளுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 பரிந்துரையில் சராசரி உரப்பு –23 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு); உங்கள் நிலையம் வேறு அளவு வைத்திருக்கலாம். இன்னொன்று: எஃப்எம் நிலையங்கள் ஒலியை நசுக்கி உரக்க ஆக்கித்தான் அனுப்பும். அப்போது மௌனத்தில் இருக்கும் மின்விசிறி, ஏசி இரைச்சல் எல்லாம் மேலே வந்துவிடும். வசனக் காட்சிகளில் ஏசியைக் குறைக்க முடியுமா என்று அரங்கத்தாரிடம் பேசிப் பாருங்கள். மோனோ பொத்தானை அழுத்தியும் ஒருமுறை கேளுங்கள். ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கும் நேயர்கள் நிறைய.

7. அரங்கத்திலிருந்து நிலையத்துக்கு

இப்போது பெரும்பாலும் ஐபி கோடெக் (ஒலியை இணையத்தில் அனுப்ப ஏற்றபடி மாற்றும் கருவி), இணையம் இரண்டும்தான். ஸ்டீரியோ இசைக்கு வினாடிக்கு 128 முதல் 256 கிலோபிட் இருந்தாலே தரமாகப் போகும். வேகம் பிரச்சினை இல்லை, அறுந்து போகாமல் இருப்பதுதான் பிரச்சினை. அரங்கத்தின் வைஃபை வேண்டவே வேண்டாம். ஒலிபரப்புக்கு மட்டுமான கேபிள் இணைப்பு ஒன்று, அதோடு தொடர்பில்லாத இரண்டாவது வழி ஒன்று, இரண்டும் வேண்டும்.

இரண்டாவது வழி மொபைல் இணைப்பு என்றால் ஒரு எச்சரிக்கை. காலியான அரங்கத்தில் சோதிக்கும்போது அருமையாக ஓடும். காட்சியன்று கூட்டம் உள்ளே வந்ததும் அத்தனை போன்களும் அதே டவரைத்தான் பிடிக்கும். இன்னொரு காட்சி நடக்கும் நாளில், கூட்டத்தோடு சோதியுங்கள்.

இரண்டு வழியும் செத்தால்? ஒத்திகைப் பதிவு நிலையத்தில் தயாராக இருக்க வேண்டும். அதைக் காட்சியோடு சேர்த்து, சத்தமில்லாமல் ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள். அறுந்தால் அதே இடத்திலிருந்து ஏற்றிவிடலாம். இதற்குத்தான் முதல் படியில் பதிவுக்கு அனுமதி கேட்கச் சொன்னேன்.

நிலையங்களில் மௌனத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று இருக்கும். சில பத்து வினாடிகள் சத்தம் இல்லாவிட்டால் இணைப்பு அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு தானாகவே ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிடும். உங்கள் நாடகத்தில் ஊமைக் கூத்துக் காட்சி இருந்தால் அதன் நீளத்தை முன்பே நிலையப் பொறியாளருக்குச் சொல்லுங்கள். சிரிப்பு மைக்கை முழுக்க மூடாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. கடிகாரம்

இதுதான் என்னைக் கேட்டால் மிகக் கடினமான படி. ஆளில்லாத ஒத்திகையில் நாடகம் ஓடும் நேரமும் கூட்டத்தின் முன் ஓடும் நேரமும் ஒன்றல்ல. சிரிப்பு, கைத்தட்டல், பாட்டு முடிந்ததும் "இன்னொரு முறை" என்ற கூச்சல் எல்லாம் சேர்ந்து காட்சியை நீட்டும். கூட்டத்தோடு நடந்த காட்சிகளில் ஒவ்வொரு பாகத்தின் நேரத்தையும் குறித்து, குறைந்ததையும் கூடியதையும் நிலையத்திடம் கொடுங்கள். சராசரியைக் கொடுக்காதீர்கள், கூட்டம் சராசரியாகச் சிரிக்காது.

நிலையத்துக்குக் கறாரான இடம் மணிக்கொருமுறை வரும் செய்தி. ஆகவே நாடகத்தின் வாலில் இழுக்கவும் வெட்டவும் கூடிய ஒன்று வேண்டும். கடைசி வணக்கத்தின்போது வாத்தியக் குழு வாசிக்கும் இசை அதற்குத் தோதானது. நேரம் இருந்தால் அறிவிப்பாளர் அதன் மேல் கலைஞர் பெயர்களை நிதானமாகப் படிக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு வரியில் முடித்து, இசையை மெல்ல இறக்கிவிடலாம். நேரம் மீறினால் எந்தப் பாட்டின் எந்தச் சரணத்தை விடுவது என்று இசைக்குழுத் தலைவரோடு முன்பே முடிவு செய்யுங்கள். அதையும் உரிமையாளர் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இடைவேளை இன்னொரு பொறி. 15 நிமிடம் என்று போட்டால் கூட்டம் உட்கார 20 ஆகும். நிலையத்தில் 15 நிமிடத்துக்குப் பேட்டி, பாட்டு என்று நிரப்பி வைத்திருப்பார்கள். கூடுதலாக ஒரு 6 நிமிடத் துண்டைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதவு மணியை வழக்கத்தைவிட முன்னதாகவே அடிக்கச் சொல்லுங்கள்.

மேடை மேலாளருக்கு நிலையத்தோடு நேரடித் தொடர்பு வேண்டும், ஹெட்செட்டிலோ தனித் தொலைபேசியிலோ. யாரும் வானொலிப் பெட்டியைக் கேட்டுக்கொண்டு "இப்போது தொடங்கலாம்" என்று முடிவு செய்யக் கூடாது. நிலையம் வேண்டுமென்றே வைத்திருக்கும் தாமதம், கருவிகளின் தாமதம் எல்லாம் சேர்ந்து பெட்டியில் வருவது எப்போதும் பழைய கதை. இணையத்தில் இன்னும் பழையது.

9. கூட்டத்தோடு ஒரு முழு ஒத்திகை

நண்பர்களையும் உறவினர்களையும் கூப்பிட்டு அரங்கத்தை முடிந்தவரை நிரப்புங்கள். ஒலிபரப்பு அன்று இருக்கப்போகிற அதே ஒயர், அதே ஆள், அதே இணைப்பு. ஒலிபரப்புக்கு ஒரு வாரம் முன்னால் இருந்தால் திருத்த நேரம் கிடைக்கும். முந்தின நாள் வைத்தால் கவலைப்பட மட்டும்தான் நேரம் இருக்கும். பதிவை எடுத்துப்போய் வண்டியிலும் போனிலும் கேளுங்கள், ஸ்டூடியோ ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம்.

நடிகர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. சிரிப்பு உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கியதும் அடுத்த வரியை எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் வரி போகும், முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் வேகம் போகும். வளையல், கொலுசு, சாவிக்கொத்து மைக்கில் இடி மாதிரி விழும். அன்று பிரதியில் இல்லாத சொந்த வசனம் வேண்டாம். மேடையிலிருந்து இறங்கியதும் மைக் மூடியிருக்கும் என்று நம்பிக் கழிப்பறைக்குப் போகாதீர்கள். மைக்கோடு வரும் பெட்டியிலேயே சுவிட்ச் இருந்தால் அதைத் தொடாமல், உதவியாளரிடம் கைகாட்டி உறுதி செய்துகொண்டு போங்கள். நீங்களே அணைத்தால் திரும்பி வரும்போது போட மறந்துவிடுவீர்கள்.

10. ஒலிபரப்பு நாள்

காலையிலேயே இணைப்பைத் தொடங்கி அறுக்காமல் வைத்திருங்கள். காட்சிக்கு முன்னும் இடைவேளையிலும் எல்லா மைக்குகளுக்கும் புது பாட்டரி. தொடங்குவதற்கு 10 நிமிடம் முன்பு ஒருவர் மேடைக்கு வந்து கூட்டத்தோடு பேசட்டும்: போனை அணையுங்கள், நேரலை போகிறது, பிடித்தால் தாராளமாகச் சிரியுங்கள். கைத்தட்டச் சொல்லி ஒருமுறை பழக்கிவிட்டால் பொறியாளருக்கு அளவும் கிடைத்துவிடும். செயற்கையாகச் சிரிக்கச் சொல்லாதீர்கள். வானொலியில் பொய்ச் சிரிப்பு உடனே தெரிந்துவிடும்.

ஏதாவது தவறினால் யார் முடிவெடுப்பது என்று ஒரே ஒருவரின் பெயர் எல்லோர் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலிலும் இருக்க வேண்டும். இயக்குநராக இருக்க வேண்டாம்; அவர் அன்று பதற்றத்தில் இருப்பார்.

11. முடிந்த பிறகு

ஒலிபரப்பான ஒவ்வொரு பாட்டின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், ஓடிய நேரம் ஆகியவற்றைக் கொண்ட இசைப் பட்டியலை நிலையம் கேட்கும். அடுத்த நாளே கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் போனால் எந்தச் சரணம் விட்டுப்போனது என்று யாருக்கும் நினைவிருக்காது. பதிவை எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்று உரிமத்தில் இருந்தால் அழித்துவிட்டு ஒரு வரி கடிதம் அனுப்புங்கள். நடிகர்கள் தங்கள் துண்டுகளைக் கேட்பார்கள், இணையத்தில் போடுவார்கள்; அதற்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுங்கள். இசைப் பட்டியலில் பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள். உரியவருக்குப் பணம் போய்ச்சேர்வது அந்த எழுத்துகளை வைத்துத்தான்.